மேல்தாடைக் கடைவாயில் எலும்பு வைத்தால் இம்ப்ளான்ட் நிற்குமா?

மேல்தாடைக் கடைவாய்ப் பல்லை எடுத்து ஐந்தாறு வருடம் ஆனவர்கள் இம்ப்ளான்ட் (பல் வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் திருகு) வைக்கப் போனால், பெரும்பாலும் காதில் விழும் முதல் பதில் "எலும்பு போதாது, எலும்பு வைக்கணும்" என்பதுதான். உடனே அடுத்த கேள்வி: "வைத்தால் நிற்குமா?"

நிற்கும். எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதை முடிவு செய்பவை இரண்டு. அந்த இடத்தில் உங்கள் சொந்த எலும்பு எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சியிருக்கிறது என்பது ஒன்று. வைத்த பிறகு எத்தனை மாதம் பொறுத்தீர்கள் என்பது மற்றொன்று. இம்ப்ளான்ட் எந்தக் கம்பெனி என்ற கேள்வி இவற்றுக்குப் பின்னால்தான் வரும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இரண்டாவது விஷயத்தில்தான் சிக்கல் அதிகம். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கல்யாணத்துக்கோ கும்பாபிஷேகத்துக்கோ மூன்று வார லீவில் வருகிறவர்கள், திரும்பும்போது பல்லோடு போகணும் என்கிறார்கள். கீழ்த்தாடையில் சில சமயம் அது நடக்கும். மேல்தாடைக் கடைவாயில் எலும்பும் வைக்க வேண்டியிருந்தால் நடக்காது. நடத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் இன்னும் நான்கு கேள்வி கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் எலும்பு ஏன் குறைகிறது என்று பார்ப்போம். கன்னத்து எலும்புக்குக் கீழே, மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு நேர் மேலே, காற்று நிறைந்த ஓர் அறை இருக்கிறது. அதுதான் சைனஸ். பெரியவர்களுக்கு அதன் கொள்ளளவு சுமார் 12 முதல் 15 மில்லி, ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. பல் இருக்கும்வரை அறையின் தரை அதன் இடத்தில் நிற்கும். பல் போனதும் தரை மெல்லக் கீழே இறங்கும். அதே நேரம் ஈறுப் பக்கத்திலிருந்து எலும்பு மேல்நோக்கிக் கரையும். இரண்டு பக்கமும் தேய்வதால் 12 மி.மீ. இருந்த எலும்பு சிலருக்கு 3 மி.மீ. ஆகிவிடும். பல் எடுத்த முதல் ஆறு மாதத்திலேயே எலும்பின் அகலத்தில் 29 முதல் 63 சதவீதமும் உயரத்தில் 11 முதல் 22 சதவீதமும் குறைவதாகத் தொகுப்பாய்வுகள் (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பவை) காட்டுகின்றன. கழற்றி மாட்டும் பல்செட்டைப் பல வருடம் போட்டவர்களுக்கு அந்த அழுத்தத்தாலும் தேய்மானம் கூடும்.

மிஞ்சியிருக்கும் எலும்பின் தரமும் அங்கே குறைவு. துளையிடும் கைக்கு அது நன்றாகத் தெரியும். கீழ்த்தாடை முன்பக்க எலும்பு நம் வீட்டு முற்றத்துப் பர்மாத் தேக்குத் தூண் மாதிரி என்றால், மேல்தாடைக் கடைவாய் எலும்பு தெர்மோகோல் மாதிரி. டிரில் உள்ளே போவதே சில சமயம் தெரியாது. அதனால் சொன்ன அளவைவிட ஒரு சுற்றுச் சிறிய துளையாகப் போட்டு, இம்ப்ளான்ட்டை இறுக்கமாக ஏற்றுவது வழக்கம்.

இனி அளவுக் கணக்கு. ஈறு முகட்டிலிருந்து சைனஸ் தரை வரை 8 முதல் 10 மி.மீ. இருந்தால் எலும்பு வைக்காமலே சாதாரண இம்ப்ளான்ட் போதும். 5 முதல் 8 வரை இருந்தால், துளை வழியாகவே கீழிருந்து தரையை 3, 4 மி.மீ. மேலே தூக்கும் முறை போதும். 5க்குக் கீழே போனால் பக்கவாட்டில் எலும்பில் ஒரு சன்னல் திறந்து செய்யும் முறைதான். அதிலும் 4 மி.மீ. இருந்தால் அன்றே இம்ப்ளான்ட்டையும் சேர்த்து வைக்கலாமா என்று யோசிக்கலாம். அதற்கும் குறைவென்றால் முதலில் எலும்பு மட்டும், பல மாதம் கழித்து இம்ப்ளான்ட். இந்த எண்ணை ஸ்கேன் அறிக்கையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "எலும்பு கம்மி" என்று வாயால் சொல்வது போதாது. எந்தப் பல் இடத்தில் எத்தனை மி.மீ. உயரம், எத்தனை அகலம் என்று கேளுங்கள்.

ஸ்கேன் என்றால் சிபிசிடி, அதாவது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன். தட்டையான எக்ஸ்ரே போதாது. சிபிசிடியில் உயரத்தோடு வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். அறைக்குள் குறுக்குச் சுவர் இருக்கிறதா? கால்வாசிப் பேருக்கு மேல் இருக்கும், அறையின் உட்பக்கத்தை மூடியிருக்கும் சவ்வு அறுவையில் கிழிவதற்கு அது பெரிய காரணம். வெளிச்சுவருக்குள் ஓடும் ரத்தக் குழாய் எங்கே போகிறது? முகட்டிலிருந்து சராசரியாக 16 முதல் 19 மி.மீ. உயரத்தில் அது இருக்கும், எலும்பு நிறையத் தேய்ந்தவர்களுக்கு இன்னும் கிட்டத்தில். 2 மி.மீ.க்கு மேல் தடித்த குழாயை வெட்டிவிட்டால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. கடைசியாக, சைனஸ் மூக்குக்குள் வடியும் துவாரம் திறந்திருக்கிறதா? அது அடைத்திருந்தாலோ, அறை முழுக்க வெள்ளையாகத் தெரிந்தாலோ, நீர்மட்டம் தெரிந்தாலோ முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், அதன் பிறகுதான் பல். வடிகால் அடைத்த அறைக்குள் எலும்புத் துகளைக் கொட்டினால் சீழ் பிடிக்கும். இந்த ஒரு பரிசோதனையை விட்டுவிட்டு வரும் தோல்விகள்தான் மனதை மிகவும் வருத்துபவை, ஏனென்றால் அவை முழுக்கத் தவிர்க்கக் கூடியவை.

எதை வைக்கிறார்கள் என்பதை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். நான்கு வகை உண்டு. நோயாளியின் தாடையிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எடுக்கும் சொந்த எலும்பு. இறந்தவர்கள் தானமாகத் தந்து, திசு வங்கியில் உறைய வைத்து உலர்த்திக் கதிர்வீச்சால் கிருமி நீக்கிய மனித எலும்பு (மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி இதைத் தயாரிக்கிறது). மாட்டெலும்பிலிருந்து புரதத்தை நீக்கிச் செய்யும் துகள். கால்சியம் பாஸ்பேட்டில் செய்த செயற்கைத் துகள். உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்டது மாட்டெலும்புத் துகள்தான். பயோ-ஆஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். துகளை மேலே மூடும் கொலாஜன் என்ற புரதத் தாள் பலவற்றில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்ததாக இருக்கும். சிவ பூஜை செய்கிற வீட்டு ஆச்சிக்கும், இஸ்லாமியக் குடும்பத்துப் பெரியவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லாமல் வைப்பது தவறு. படிவத்தில் கையெழுத்து வாங்குவது வேறு, வாய்விட்டுச் சொல்வது வேறு. வேண்டாம் என்றால் செயற்கைத் துகள் இருக்கிறது. சைனஸ் அறைக்குள் அதுவும் நன்றாகவே வேலை செய்யும், காரணம் அங்கே நான்கு பக்கமும் எலும்புச் சுவர் இருக்கிறது.

துகள் எதுவானாலும் அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி மட்டுமே. எலும்பு வளர்வது உங்கள் சொந்தச் சுவரிலிருந்தும் ரத்தத்திலிருந்தும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துத்தான் இறுக வைக்கிறார்கள். நாள் குறைத்தால் கல் உடையும். இங்கேயும் அதே கணக்குதான். சொந்த எலும்பு கலந்திருந்தால் 4 முதல் 6 மாதம், மாட்டெலும்போ செயற்கையோ மட்டும் என்றால் 6 முதல் 9 மாதம். ஒரு பல் இடத்துக்கு 1 முதல் 1.5 கன சென்டிமீட்டர் துகள் வேண்டும், இரண்டு மூன்று பல்லுக்கு 2 முதல் 3. சிறிய துகளில் அரை கிராம் பாக்கெட் ஏறக்குறைய 1 கன சென்டிமீட்டர் வரும்.

சன்னல் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 1970களில் அமெரிக்காவில் டேட்டம் என்ற பல் மருத்துவர் தொடங்கிய முறை இது. பாயின், ஜேம்ஸ் இருவரும் 1980இல் எழுதி வெளியிட்டார்கள். இன்றும் அடிப்படை மாறவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈற்றை முகட்டில் கொஞ்சம் அண்ணப் பக்கமாகக் கீறி, கன்னப் பக்கம் விலக்கினால் எலும்புச் சுவர் தெரியும். சைனஸ் தரைக்கு 3 மி.மீ. மேலே, 8க்கு 6 மி.மீ. அளவில் முட்டை வடிவச் சன்னல் ஒன்றை வைரத் துகள் பதித்த உருண்டைத் துளைமுனையாலோ, நுண்ணதிர்வால் எலும்பை வெட்டும் பீசோ கருவியாலோ மெல்லச் சுரண்டுகிறார்கள். சுரண்டச் சுரண்ட வெள்ளை எலும்பு சாம்பலாகி, பிறகு உள்ளிருந்து நீலம் மின்னும். அங்கே கை நின்றுவிட வேண்டும். அந்த நீலம்தான் சவ்வு, ஒரு மி.மீ. கூடத் தடிமன் இருக்காது.

கோழிமுட்டை ஓட்டை உடைக்கும்போது உள்ளே வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வருமே ஒரு மெல்லிய சவ்வு, அதேதான். பல் மருத்துவர்கள் இந்த அறுவையைப் பழகுவதே பச்சை முட்டையில்தான். ஓட்டில் சன்னல் வெட்டி, சவ்வு கிழியாமல் உள்ளே தள்ளிக் காட்ட வேண்டும். வாயில் செய்யும்போது வளைந்த கரண்டியின் முனை எப்போதும் எலும்பைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எலும்பை விட்டு விலகிய கணம் சவ்வு கிழியும். முதலில் தரை, பிறகு முன்னும் பின்னும், கடைசியில் மூக்குப் பக்கத்து உட்சுவர். பலர் சறுக்குவது இந்தக் கடைசி இடத்தில். கிழிந்துவிடுமோ என்று பயந்து உட்சுவரிலிருந்து சவ்வைப் பிரிக்காமல் விட்டுவிடுவார்கள். துகள் வெளிப்பக்கம் மட்டும் நிறையும். தட்டை எக்ஸ்ரேயில் மலை மாதிரி அழகாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து இம்ப்ளான்ட்டை ஏற்றும்போதுதான் அதன் உட்பாதி காற்றில் நிற்பது தெரியவரும். சவ்வு சரியாகப் பிரிந்திருந்தால், மூச்சு விடும்போது அது ஏறி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

துகளை உப்புநீரிலோ நோயாளியின் ரத்தத்திலோ நனைத்து, முதலில் உட்சுவர்ப் பக்கம், பிறகு முன்னும் பின்னும் என்று நிரப்ப வேண்டும். ஊறுகாய் ஜாடியை அமுக்கி அடைக்கிற மாதிரி அடைத்தால் துகளுக்கு நடுவே ரத்தக் குழாய் முளைக்க இடமிருக்காது. வடிகால் துவாரம் வரை ஏற்றவும் கூடாது. சன்னலுக்கு மேல், விளிம்பைத் தாண்டிச் சுற்றிலும் 3 மி.மீ. படும்படி கொலாஜன் தாள், அதன் மேல் ஈறு, தையல். தையலைப் பிரிப்பது 10 முதல் 14 நாளில்.

சவ்வு கிழிவது அபூர்வமில்லை. 2008இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வில் சன்னல் முறையில் சராசரி 19.5 சதவீதம், அதாவது ஐந்தில் ஒன்று. கிழிந்தது தவறில்லை, கிழிந்ததை மறைத்துத் துகளைக் கொட்டுவதுதான் தவறு. 5 மி.மீ.க்குள் என்றால் சுற்றியுள்ள சவ்வை மடித்து மேலே கொலாஜன் தாள் வைத்தால் போதும். 5 முதல் 10 வரை என்றால் பெரிய தாள், முடிந்தால் தையல். 10ஐத் தாண்டினால் அன்று எதையும் வைக்காமல் மூடிவிட்டு, சில மாதம் ஆறவிட்டு மறுபடி திறப்பதே நல்லது. "இன்றைக்கு வைக்க முடியவில்லை" என்று சொல்லி மூடுகிற டாக்டரை விட்டு வேறு ஆளைத் தேடாதீர்கள். அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

துளை வழியாகத் தூக்கும் முறை 1994இல் சம்மர்ஸ் விவரித்தது. தரைக்கு 1, 2 மி.மீ. கீழே டிரில்லை நிறுத்தி, மிச்சத்தை உளி போன்ற உருளைக் கருவியால் சின்னச் சுத்தியல் வைத்துத் தட்டி மேலே தூக்குவார்கள். வீக்கமும் செலவும் குறைவு. சவ்வு கிழிவது அதே கால ஆய்வுகளில் 3.8 சதவீதம்தான், ஆனால் கண்ணால் பார்க்க முடியாததால் சில கிழிசல் தெரியாமலே போயிருக்கலாம். தட்டுவதால் சிலருக்கு மறுநாள் படுக்கையில் புரண்டால் உலகமே சுற்றும். உள்காதில் இருக்கும் நுண்கற்கள் இடம் பெயர்வதுதான் காரணம். தலையைத் திருப்பிச் செய்யும் பயிற்சியில் சரியாகிவிடும். இப்போது தட்டாமல் நீரழுத்தத்தால் தூக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

முடிவுகளுக்கு வருவோம். அதே 2008 தொகுப்பில் சன்னல் முறையில் வைத்த இம்ப்ளான்ட்களில் மூன்று வருடத்தில் நிலைத்தவை 90.1 சதவீதம். ஆனால் அதில் பழைய வழவழப்பான திருகுகளும் சேர்ந்திருக்கின்றன. சொரசொரப்பான மேற்பரப்புள்ள திருகு வைத்து, சன்னலையும் தாளால் மூடியவர்களை மட்டும் எடுத்தால் 98 சதவீதத்தைத் தாண்டுகிறது. இன்று விற்பவை பெரும்பாலும் சொரசொரப்பானவைதான். துளை முறையில் மூன்று வருடத்தில் 92.8 சதவீதம். அந்த முறையில் சொந்த எலும்பு 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு 96, 4 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களுக்கு 85.7 என்று 1990களின் பல மையக் கணக்கு ஒன்று உண்டு. மில்லிமீட்டரைக் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை. "நிலைத்தது" என்றால் வாயில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். சுற்றியுள்ள எலும்பு கரைந்து, ஈற்றில் சீழ் வடிந்துகொண்டே இருக்கிற இம்ப்ளான்ட்டும் அந்தக் கணக்கில் வரும். நல்ல முடிவு என்றால் ஆடாமல், வலிக்காமல், முதல் வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்கு மேல் எலும்பு தேயாமல் இருப்பது.

தோல்வி எப்படி வருகிறது? முதல் சில வாரத்தில் வந்தால் பெரும்பாலும் கிருமி. தொகுப்பாய்வில் சுமார் 3 சதவீதம். ஒரு பக்க மூக்கில் மட்டும் கெட்ட வாடையுடன் சளி, வாயில் உப்புக் கரிக்கிற சுவை, கண்ணுக்குக் கீழே கனம், தையல் இடத்திலிருந்து துகள் உதிர்தல். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போக வேண்டும், மாத்திரைக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுக் காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் மூக்கில் கொஞ்சம் ரத்தம் கசிவதும், மூன்றாம் நாள் வரை கன்னம் வீங்குவதும் இயல்பு. ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது துகள் எலும்பாகாமல் நாராக இருந்தால், காரணம் பெரும்பாலும் புகை, கட்டுப்படாத சர்க்கரை, அல்லது அதிகமாக அமுக்கியது. இன்னொன்று, 2, 3 மி.மீ. எலும்பில் அவசரப்பட்டு அன்றே இம்ப்ளான்ட்டையும் ஏற்றியதால் அது சைனஸுக்குள்ளேயே விழுந்துவிடுவது. பிறகு அதை எடுக்கத் தனி அறுவை வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை (HbA1c) 7க்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகே வர வேண்டும். வெற்றிலை பாக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் தட்டில் வெற்றிலை வருகிற ஊர் இது. புகையிலை சேர்த்தால் ரத்த ஓட்டம் குறையும் என்று எல்லாருக்கும் தெரியும். வெறும் பாக்கு வருடக்கணக்கில் மென்றாலே கன்னத்து உட்தோல் இறுகி வாய் திறப்பது சுருங்கும் என்பது பலருக்குத் தெரியாது. மூன்று விரலை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால், கடைவாயில் சன்னல் வெட்டக் கருவி போகாது. எலும்பு வலுவுக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரானிக் அமிலம் போன்ற ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

முன்பல் பகுதி வேறு கதை. அங்கே சைனஸ் இல்லை, குறைவது அகலம். 4 மி.மீ. திருகுக்கு 6, 7 மி.மீ. அகலம் வேண்டும். வெளியிலிருந்து துகளும் தாளும் வைத்துக் கட்டுவது சைனஸுக்குள் நிரப்புவதைவிடக் கடினம். தாங்கச் சுவரில்லை, ஈறு பிளந்து தாள் வெளியே தெரிந்தால் வைத்ததில் பாதி போய்விடும். பல் எடுக்கும் அன்றே குழியில் துகள் நிரப்பி மூடிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

அறுவைக்குப் பின் இரண்டு வாரம் மூக்குக்கும் வாய்க்கும் காற்றழுத்தம் கொடுக்கக் கூடாது. மூக்குச் சிந்தாதீர்கள், ஒழுகினால் துடைத்துக்கொள்ளுங்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ட்ரா கூடாது. ஊதுகுழல் வைத்து விறகடுப்பு ஊதுவது, சங்கு, நாகஸ்வரம், கபாலபாதி, ஊருணியில் முங்கிக் குளிப்பது எல்லாம் நிறுத்தம். தூங்கும்போது தலையணை இரண்டு. பழைய பல்செட்டை அந்த இடத்தில் அழுத்தும்படி போடக் கூடாது. சாப்பாட்டுக்கு இடியாப்பம், ஆறின பால் கொழுக்கட்டை, கும்மாயம் சரி. தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை இரண்டு மாதத்துக்கு அந்தப் பக்கம் வேண்டாம். பிள்ளையார் நோன்பன்று மாவில் வைத்து ஏற்றிய நூல் இழையைச் சுடரோடு வாயில் எடுத்துக்கொள்வது தையல் பிரிக்காத வாய்க்கு ஆகாது, சுடரை அணைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குப் பழநி நடக்கிறவர்கள் அறுவையை நடைப்பயணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். புழுதியும் தூக்கமின்மையும் புதுப் புண்ணுக்கு நல்லதில்லை.

விமானத்தில் போகிறவர்களுக்கு நாள் கணக்கு: மூன்று வார லீவு என்றால் வந்த மூன்றாம் நாளுக்குள் அறுவை, பதினைந்தாம் நாள் வாக்கில் தையல் பிரிப்பு, பதினெட்டாம் நாளுக்குப் பிறகே திருச்சியிலோ மதுரையிலோ ஏறுவது. இடையில் சீழ் பிடித்தால் டிக்கெட்டை மாற்றத் தயாராக இருக்க வேண்டும். அடுத்த வருகை 6 முதல் 9 மாதம் கழித்து, அப்போது இம்ப்ளான்ட். அது எலும்போடு சேர இன்னும் 4 முதல் 6 மாதம், மூன்றாம் வருகையில் அதன் மேல் பல்லாக மாட்டும் கேப். 4, 5 மி.மீ. இருந்து அன்றே சேர்த்து வைக்க முடிந்தால் ஒரு வருகை மிச்சம். இதற்கு நேரமில்லை என்றால் 6 மி.மீ. குட்டை இம்ப்ளான்ட் சாத்தியமா என்று கேளுங்கள். 6 மி.மீ. எலும்பு இருக்கிறவர்களில், எலும்பு வைத்து நீளத் திருகு போட்டவர்களோடு ஐந்து வருடம் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அப்படி முடியுமானால் நான் அதையே முதலில் சொல்வேன்.

கேப் போடும் முன், இம்ப்ளான்ட் எலும்போடு சேர்ந்துவிட்டதா என்பதை அதிர்வுமானி வைத்து எண்ணாக அளக்கச் சொல்லுங்கள். 1 முதல் 100 வரையுள்ள அந்த அளவில் 70க்குப் பக்கத்தில் வந்தால் நல்லது, 60க்குக் கீழ் என்றால் இன்னும் இரண்டு மாதம் பொறுக்கலாம். இரவில் பல் கடிக்கிறவர்களுக்குப் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் காவல் தட்டு கட்டாயம்.

கிளம்பும்போது மூன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்: இம்ப்ளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கர் (கம்பெனி, விட்டம், நீளம், தொகுதி எண் இருக்கும்), வைத்த எலும்புத் துகளின் ஸ்டிக்கர், ஸ்கேன் கோப்பு. ஐந்து வருடம் கழித்து ஈப்போவிலோ பினாங்கிலோ கேப்பின் திருகு தளர்ந்தால், எந்தத் திருப்புளி பொருந்தும் என்பதை அங்கிருக்கும் டாக்டர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.